அசையாப் பொருள்

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் அவருக்கு அங்குலம் என்று பெயர். சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பார்க்க முடியும். அலமாரியோ கட்டிலோ பியானோவோ, எதுவாக இருந்தாலும் ஒருமுறை தலையைச் சாய்த்துப் பார்ப்பார். "இது நேரா போகாது. கால கழட்டிட்டு, சுவரோரமா படுக்க வச்சுத் திருப்புங்க" என்பார். டேப் பிடித்துப் பார்த்தவர்கள் கடைசியில் டேப்பைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

அப்படி ஊரார் வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் வழி சொன்னவர், தன் வீட்டில் கொஞ்ச நாளாக நின்றுகொண்டுதான் சாப்பிட்டார். காரணம் அவர் மனைவி.

அவள் பல் கட்டும் லேப் ஒன்றில் காலை நேர வேலை பார்த்தாள். மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, அந்தந்த ஆளின் பல் வரிசையை வார்த்தெடுக்கிற வேலை. முன்பின் தெரியாதவர்களின் ஈறும் கடைவாய்ப் பல்லும் அவளுக்கு மலையும் பள்ளத்தாக்குமாகத் தெரிந்தன என்று ஒருநாள் சொன்னாள். அங்குலம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதன் பிறகு நூலக மாடியில் நடக்கும் கலை வகுப்பில் சேர்ந்தாள். அங்கே புடைப்பு வேலை சொல்லிக்கொடுத்தார்கள். பலகையின் மேல் மரத்துண்டும் கம்பி வலையும் பிளாஸ்டரும் வைத்து மேடும் பள்ளமுமாக எழுப்புவது. ஓவியம் போலச் சுவரில் தொங்கும், ஆனால் தடவிப் பார்க்கலாம். நிறம் கிடையாது, வெள்ளை மட்டும். மற்றதை வெளிச்சமும் நிழலும் பார்த்துக்கொள்ளும்.

முதல் வேலைக்கு வீட்டுப் பொருட்களையே எதிரில் அடுக்கிவைத்துப் பார்க்கச் சொன்னாராம் டீச்சர். மனைவி சாப்பாட்டு மேசையைத் தேர்ந்தெடுத்தாள். விளிம்பு உடைந்த எனாமல் ஜாடி, இரண்டு கிண்ணம், சாய்த்து வைத்த ஒரு தட்டு, மூன்று பேரிக்காய், கசங்கிய ஒரு துணி. மேசையின் மறுபாதியில் பலகை. எதையும் யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டாள். துணியின் ஒரு மடிப்பு கலைந்தாலும் நிழல் மாறிவிடுமாம்.

"இதுக்குப் பேரு அசையாப் பொருள்" என்றாள்.

"அசையாச் சொத்து கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் அங்குலம். "பட்டா யார் பேர்ல இருக்கு?"

அவள் சிரிக்கவில்லை. பொருளை அசைத்தே பிழைப்பு நடத்துகிறவர் வீட்டில் அசையாப் பொருள் குடியேறிவிட்டது. அவர் தினமும் காலையில் ஜன்னல் திட்டில் டம்ளரை வைத்து, தட்டைக் கையில் ஏந்தி, ரொட்டியையும் முட்டையையும் நின்றபடியே விழுங்கிவிட்டு வேலைக்குப் போனார். இரவுச் சாப்பாடு மடியில். குழம்பு லுங்கியில் சிந்தினால், மேசையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று அவளும் தினமும் சொன்னாள். எங்கே தள்ளி நிற்பது, வாசலிலா என்று அவரும் தினமும் கேட்டார்.

பேரிக்காய்கள் சுருங்கின. பிறகு கறுத்தன. சிறு ஈக்கள் வந்தன. ஈக்களாவது அசைகின்றனவே என்று அவர் முணுமுணுத்தார்.

இந்த நிலையில்தான் அவர் தங்கை வந்து சேர்ந்தாள். அவள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், வாடை ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பெட்டியோடு வந்தாள். தங்கை கை பட்ட இடத்தில் தூசி தங்காது. வந்த மறுநாளே, அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போன நேரத்தில், புகுந்து விளையாடிவிட்டாள். அழுகிய பழம் குப்பைக்குப் போனது. ஜாடி உள்ளும் புறமும் தேய்க்கப்பட்டுப் பளபளவென்று சமையலறைக்குப் போனது. கிண்ணங்கள் அலமாரியில் கவிழ்ந்தன. துணி துவைக்கப்பட்டு, இஸ்திரி போடப்பட்டு, சதுரமாக மடிக்கப்பட்டு மேசை நடுவில் உட்கார்ந்திருந்தது. பலகையில் ஆங்காங்கே துருத்தி நின்ற பிளாஸ்டரைக்கூட ஈரத்துணியால் துடைத்திருந்தாள்.

மதியம் வந்த மனைவி மேசையை ஒருமுறை சுற்றிவந்தாள். இரவு எல்லோருக்கும் சமைத்தாள், பரிமாறினாள், நாத்தனாருக்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டாள். அந்த மரியாதையைப் பார்த்ததும்தான் அங்குலத்துக்குப் பயம் வந்தது. கத்தியிருந்தால் ஒரு மணி நேரத்தில் ஓய்ந்திருக்கும்.

தங்கை அவரைத் தனியாகப் பிடித்தாள். "நான் என்னண்ணா தப்பு பண்ணேன்? அழுகின பழத்த எடுத்துப் போட்டேன். அது ஒரு குத்தமா?"

"குத்தமில்ல. ஆனா அது பழமில்லையாம்."

"பின்ன?"

"எனக்கும் தெரியல. நீ கொஞ்ச நாளைக்கு எதையும் கழுவாம இரு."

அவர் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தார். மனைவி முன்பு எடுத்த போட்டோ ஒன்று அவர் போனில் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து ஜாடியை வைத்தார், தட்டைச் சாய்த்தார், கடைக்குப் போய்ப் புதிதாக மூன்று பேரிக்காய் வாங்கிவந்தார். அவை கொழுகொழுவென்று இருந்தன. இஸ்திரி போட்ட துணியோ எத்தனை முறை கசக்கினாலும் பழையபடி மடியவில்லை. மனைவி வந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது வேற" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேரிக்காயில் ஒன்றைக் கடித்தாள்.

ஆக, மேசை திரும்பக் கிடைத்துவிட்டது என்று அங்குலம் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார். அது அன்று மாலை வரைதான் நீடித்தது. அரைகுறையாக நிற்கும் பலகையின் முன்னால் உட்கார்ந்திருந்த மனைவி, தலையைத் திருப்பி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். மூன்றாவது மாடி. எதிரே மொட்டை மாடிகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பின்னால் தூரத்தில் படுத்துக் கிடக்கும் குன்று. துணியின் மடிப்பு எங்கே நின்றுபோனதோ அங்கிருந்து குன்று ஆரம்பிக்கிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. குன்றை யாரும் கழுவ முடியாது என்றும் சொன்னாள். தங்கை அடுத்த நாளே ஊருக்குக் கிளம்பினாள். பெயின்ட் வாடையே தேவலாம் என்றாள்.

குன்றுக்கும் சோதனை வந்தது. எதிர் மாடிக்காரர் தன் மாடியில் தகரக் கூரை போட இரும்புக் குழாய்களை நட ஆரம்பித்தார். கூரை ஏறினால் குன்றின் அடிப்பாகம் மறைந்துவிடும். போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்று மனைவி அங்குலத்தை அனுப்பினாள். அவர் செருப்பைத் தேடுவதிலேயே கால் மணி நேரம் கடத்தினார். கடைசியில் எதிர் மாடிக்காரர் முன்னால் போய் நின்று, கூரையைச் சில நாள் கழித்துப் போட முடியுமா என்று கேட்டார்.

"ஏன், உங்க பக்கம் தண்ணி வடியுமா?"

"இல்ல."

"வெயில் அடிக்குமா?"

"அதெல்லாம் இல்லீங்க. என் வீட்டுக்காரி மலை பாக்கணுமாம்."

எதிர் மாடிக்காரர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். வீட்டில் ஏதோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, மழைக்காலம் வரை பொறுக்கிறேன் என்று சொல்லி, கையைப் பிடித்து ஆறுதலாக அழுத்தியும் அனுப்பினார்.

குன்று ஒரு பலகையில் அடங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் இன்னொரு பலகையைச் சேர்த்துத் தாருங்கள் என்றாள் மனைவி. பியானோ ஏற்றும்போது போர்த்துகிற தடித்த கம்பளிகளைத் தரையில் விரித்து, பலகையை முகம் குப்புறப் படுக்கவைத்து, பின்பக்கம் குறுக்குச் சட்டம் கொடுத்துத் திருகினார் அங்குலம். ரேடியோவில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. முன்பக்கம் என்ன இருக்கிறது என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை. அது அவர் இலாகா இல்லை. சில வாரம் கழித்து மூன்றாவது பலகை வந்தது. அதையும் அப்படியே திருகினார். இணைப்பு ஆடக் கூடாது என்று பசையும் விட்டார். வேலை என்று வந்துவிட்டால் அவர் அரைகுறையாகச் செய்ய மாட்டார்.

எல்லாம் முடிந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேசையில் படுத்திருந்ததைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவைத்த அன்று, மனைவி அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். வெள்ளை. ஒரு பக்கம் செங்குத்தாக எழும்பி வளைந்து இறங்கும் ஒரு திரட்சி. நடுவில் படிப்படியாக மடிப்புகள். மறுபக்கம் நீண்டு சரியும் ஒரு முதுகு. அவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்தார்.

"ஜாடி எங்க?"

"ஜாடி இல்ல."

"மலை?"

"தனியா மலைன்னு ஒண்ணும் இல்ல. பாத்ததெல்லாம் சேந்து இப்படி ஆயிருக்கு."

"ஜாடியும் இல்ல, மலையும் இல்ல. அப்ப நான் எதுக்குடி இத்தன நாளா நின்னுக்கிட்டு சாப்பிட்டேன்? எதிர்வீட்டுக்காரன் எனக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினான், தெரியுமா?"

பார்த்துச் செய்யாவிட்டால் இப்படி வந்திருக்காது என்று அவள் விளக்கினாள். அவர் கேட்கிற நிலையில் இல்லை. கைவீசி நடந்து போய், காலியான மேசையில் உட்கார்ந்து, தட்டே இல்லாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

வகுப்பில் செய்தவற்றை நகர மன்றக் கூடத்தில் கண்காட்சியாக வைப்பதாக முடிவானது. மனைவியின் புடைப்பை நடுச் சுவருக்கு என்று டீச்சர் குறித்துவிட்டார். அங்குலத்துக்கு அதைக் கேட்டதும் பாதி பாரம் இறங்கியது. எப்படியோ வீட்டைவிட்டுப் போகிறதே. கண்காட்சிக்கு முந்தின நாள் கம்பெனி லாரி டிரைவரையும் இரண்டு ஆட்களையும் உதவிக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

தூக்கினார்கள். வீட்டு வாசல் வரை நல்லபடியாக வந்தது. நிமிர்த்தி வைத்தார்கள், வாசலையும் தாண்டியது. வெளியே மாடிப்படி திரும்பும் இடத்தில் நின்றுவிட்டது. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி. சாய்த்தால் குன்றின் முதுகு சுவரில் இடித்தது. திருப்பினால் ஜாடி இல்லை என்று அவள் சொன்ன அந்தத் திரட்சி கம்பியில் மாட்டியது. தலைகீழாக்கிப் பார்த்தார்கள். அதற்கு அடி எது தலை எது என்று ஆட்களில் ஒருவன் கேட்டான்.

டிரைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அங்குலத்தைப் பார்த்தார். "அண்ணே, இத நீங்களா கோத்தீங்க?"

அங்குலம் கைப்பிடிக் கம்பியை ஆட்டிப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் குறி சொல்ற பல்லி கழனிப்பானையில விழுந்துச்சாம்" என்றார் டிரைவர், பொதுவாக, மாடிப்படியைப் பார்த்து.

ஜன்னல் வழியாகக் கயிறு கட்டி இறக்குவது அவருக்குக் கைவந்த கலை. ஆனால் ஜன்னலில் சுவரோடு பதித்த இரும்புக் கிராதி. கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டதற்கு, கிராதியைத் தொடுவதானால் அதோடு சேர்த்து வீட்டையும் காலி செய்துவிடுங்கள் என்றார். புடைப்பைத் திரும்ப உள்ளே கொண்டுபோய்ச் சாய்த்துவைத்துவிட்டு ஆட்கள் தேநீர் குடிக்கப் போனார்கள்.

வெட்டுவது தவிர வழியில்லை என்று அங்குலம் சொன்னபோது, மனைவி அவ்வளவு எளிதாக ஒத்துக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வார்த்த பல் சில நேரம் அச்சைவிட்டு வெளியே வராது, அறுத்துத்தான் எடுப்போம் என்றாள். எங்கே அறுப்பது என்பதில்தான் சண்டை.

பலகையும் பலகையும் சேரும் இடத்தில் அறுத்தால் சுலபம் என்றார் அவர். அங்கேதான் இது எல்லாவற்றையும் தாங்கும் தோள் இருக்கிறது, கூடாது என்றாள் அவள். அப்படியானால் இந்த மேட்டுக்குக் கீழே என்று விரல் வைத்தார். அது மேடு இல்லை, தட்டு என்றாள். ஜாடியே இல்லை என்றாயே, தட்டு மட்டும் எங்கிருந்து வந்தது என்றார். அவளுக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தது. "ஒரே ஒரு தடவ, வாய மூடிக்கிட்டுப் பாருங்களேன்" என்றாள்.

வேறு வழியில்லாமல் பார்த்தார். வேலையில் ஒரு பொருளைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். எங்கே கனம், எங்கே மெலிவு, எந்த இடம் தாங்கும், எந்த இடம் முறியும். குனிந்து, பக்கவாட்டில் கண்ணை வைத்து, உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே போனார். மடிப்புகள் முடிந்து சரிவு தொடங்கும் இடத்தில் கை ஒரு பள்ளத்துக்குள் இறங்கியது. அந்தப் பள்ளம் நேராக இல்லாமல், நெளிந்து நெளிந்து, மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை விடாமல் ஓடியது. அதன் ஒரு கரையாக, மற்றவற்றோடு ஒட்டாமல், உயரமாக ஒரு மேடு நின்றது. மேலே குறுகி, நடுவில் அகன்று, ஒரு பக்கம் மட்டும் முட்டிக்கொண்டு வந்தது.

"இது என்ன, தொட்டியா?"

"அது நீங்க" என்றாள் மனைவி.

அவர் கையை எடுத்துவிட்டார்.

"காலையில எனக்கு அந்த அரை மணி நேரம்தான் வெளிச்சம் சரியா விழும். அந்த நேரம் பாத்து ஜன்னல்ல வந்து நிப்பீங்க. தள்ளி நில்லுங்க தள்ளி நில்லுங்கன்னு தொண்ட வத்திப்போச்சு. தட்டோட முழங்கைய வேற நீட்டிக்கிட்டு. சரி, இது நகரப்போறதில்லன்னு அதையும் சேத்துட்டேன்."

தன்னுடைய கஷ்டத்தை மட்டும்தான் இத்தனை நாளும் அவர் எண்ணிக்கொண்டிருந்தார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. ஆனால் அவர் கேட்டது வேறு.

"நான் இவ்வளவு குண்டாவா இருக்கேன்?"

"நிழல் அப்படித்தான் விழும்" என்றாள் அவள்.

அவர் உருவத்தை ஒட்டிய பள்ளத்தின் வழியாகவே அறுப்பது என்று முடிவானது. பல் லேப்பிலிருந்து கொண்டுவந்த மெல்லிய ரம்பத்தால் பிளாஸ்டரை அவள் கீறிக்கொண்டே வர, பின்னால் அவர் மரத்தை அறுத்தார். நேர்க்கோடு இல்லாததால் கை அடிக்கடி மாட்டியது. தான் விட்ட பசையையும் தான் போட்ட சட்டத்தையும் தானே திட்டிக்கொண்டார். அவள் நடுநடுவே, அழுத்தாதீர்கள், உடையும் என்றாள். இதோ பாதிக்கு மேல் வந்தாகிவிட்டது, இனி எதற்கு உபதேசம் என்று அவரும் பதில் கொடுத்தார். இருவரும் தலை முதல் கால் வரை வெள்ளையாகிவிட்டார்கள். தேநீர் குடித்துத் திரும்பிய டிரைவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, யாரென்று தெரியாமல் ஒரு கணம் திகைத்து நின்றார். பிய்த்த ரொட்டி போல நெளிந்த ஓரத்தோடு இரண்டு துண்டுகள் பிரிந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, மாடிப்படித் திருப்பத்தில் எதையும் தொடாமல் இறங்கிப் போயின.

மறுநாள் கூடத்துக்குப் போய்ப் பார்த்தால், இரண்டு துண்டுக்கும் நடுவில் ஒரு முழம் இடம் விட்டு மாட்டியிருந்தார்கள். மனைவி நேரே போய்க் கண்காட்சியை நடத்திய அம்மாவிடம் சேர்த்து மாட்டச் சொன்னாள். அந்த அம்மா கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, இடைவெளியில்தான் உயிரே இருக்கிறது, மௌனம் அங்கேதான் பேசுகிறது என்றார்.

"அது எங்க வீட்டு மாடிப்படித் திருப்பம்ங்க" என்றாள் மனைவி. "மௌனமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அந்த அம்மா இதையும் ஏதோ ஆழமான கருத்து என்று எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினார். இடைவெளி அப்படியே இருந்தது. மாலை முழுக்க மனைவி அந்தச் சுவர்ப் பக்கமே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அங்குலம்தான் பக்கத்தில் நின்று, வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். இது என்ன என்று கேட்டவர்களிடம் ஜாடி இல்லை, மலையும் இல்லை என்று மட்டும் சொன்னார். ஜன்னலோரத்தில் நிற்கும் தன் மேட்டைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

கண்காட்சி முடியும் நாளில், லேப்புக்கு வாய் அச்சு அனுப்பும் பல் டாக்டர் ஒருவர் வந்தார். தன் கிளினிக்கில், ஆட்கள் காத்திருக்கும் அறையில் மாட்ட வேண்டும், வலது பக்கத் துண்டை மட்டும் கொடுப்பீர்களா, இடது துண்டில் ஏதோ ஒரு ஆள் குறுக்கே நிற்பது போல இருக்கிறது என்றார். அங்குலம் சரி என்று சொல்ல வாயெடுத்தார். பாதியாவது தொலைகிறதே.

"தனியாக் குடுக்க முடியாது டாக்டர். அது ரெண்டில்ல, ஒண்ணு" என்றாள் மனைவி.

டாக்டர் போன பிறகு, அறுத்தது யார், நானா நீயா, இரண்டு துண்டாக ஆனதை ஒன்று என்று சொன்னால் யார் நம்புவார்கள் என்று லாரியில் வீடு வந்து சேரும் வரை அவர் பொருமினார். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் வந்ததும் இதை மறுபடி சேர்த்துத் தாருங்கள் என்றாள்.

எதையாவது எறிய வேண்டும் போல அவருக்கு இருந்தது. எறியவில்லை. இந்த முறை பசை இல்லாமல், வேண்டும்போது கழற்றுகிற மாதிரி போல்ட் போட்டுப் பின்பக்கம் இணைத்தார். வீட்டுக் கூடத்திலிருந்த அலமாரியைப் படுக்கையறைக்கு நகர்த்தி, படுக்கையறைப் பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, சுவரைக் காலி செய்து மாட்டினார். நெளிந்த ஓரங்கள் பொருந்தின. ஆனாலும் ரம்பம் தின்ற அளவுக்கு ஒரு கோடு மிச்சம் இருந்தது. அதை அடைக்க அவள் பிளாஸ்டர் கலக்கினாள். அடைத்தால் இன்னொரு தரம் நான் அறுக்க மாட்டேன், சத்தியம் என்றார் அவர். அடைக்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது என்றாள் அவள்.

வாளியோடு போனவள் அதன் முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழுந்து, அந்தக் கோட்டுக்குள் ஒரு மெல்லிய நிழல் இறங்கியிருந்தது. மேலிருந்து கீழே அது நெளிந்து போவதை அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்த்தாள். வாளியில் பிளாஸ்டர் இறுகிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு? அடைக்கலையா?" என்றார் அங்குலம்.

"இருக்கட்டும், விடுங்க" என்று வாளியைக் கீழே வைத்தாள். "அந்தக் கண்காட்சி அம்மா கேட்டா மட்டும் அடைச்சாச்சுன்னு சொல்லிடுங்க."